எட்டாவது வில்

மாமா, அக்காவின் கணவர், இருபத்தாறு வருடமாகப் பேருந்து ஓட்டுகிறவர். ஞாயிறு வந்தால் சமையலறை அடுப்பு அவர் வசமாகிவிடும். பி.வி.சி. பைப்பைத் தீயில் திருப்பித் திருப்பி வாட்டுவார். இளகியதும் இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து மேலே ஏறி நிற்பார். பட்டையான பைப்பை வளைத்து ஈரத்துணி சுற்றினால் வில் தயார். நாணுக்கு நைலான் கயிறு. அம்புக்கு மூங்கில் குச்சி, அதன் வாலில் பிளாஸ்டிக் பாட்டிலில் வெட்டிய மூன்று இறக்கைகள், கறுப்பு டேப் சுற்றி.

இலக்கு, டிப்போவில் கழித்துப்போட்ட ஒரு பேருந்து இருக்கை. அதைக் கொல்லைச் சுவரில் சாய்த்து நடுவில் மஞ்சள் வட்டம் போட்டிருந்தார். நிற்கும் இடத்துக்கு அடையாளம் ஒரு செங்கல்.

நான் அவர்கள் வீட்டில் தங்கித்தான் வேலைக்குப் போய்வருகிறேன். கொல்லையைப் பார்த்த ஜன்னல் என்னுடையது. அதிகம் பேசாதவனுக்குக் கிடைக்கிற கூலி, பார்ப்பது. முதல் வில்லின்போது அந்தச் செங்கல் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், இருபது தப்படி தள்ளிக் கிடந்தது. நான்காவது வில்லுக்குப் பதினைந்து. இப்போது ஒன்பது. தம்ளர் வாயளவு இருந்த வட்டமும் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பெருத்துவிட்டது.

ஒவ்வொரு வில்லிலும் ஒரு குற்றம் கண்டுபிடிப்பார். ஒன்றில் நாண் தொய்வு. இன்னொன்றில் கைப்பிடி வழுக்கல். உடனே அடுத்த பைப் அடுப்புக்கு வந்துவிடும்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்பாள் அக்கா.

"உங்க அக்கா நாக்குல நாண் கட்டினா அம்பு அடுத்த தெருவுக்குப் போகும், மாப்ளே."

போன வாரம் அவருடைய கண்டக்டர் வீட்டுக்கு வந்தார். வழக்கமான நிறுத்தம் ஒன்றில் கைகாட்டி நின்ற பெண்ணை மாமா தாண்டிப் போனதைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். "அண்ணன் இப்பல்லாம் எக்ஸ்பிரஸ்தான் ஓட்டுறாரு!" மாமாவும் சிரித்தார். அக்காவும் சிரித்தாள். எனக்கு மட்டும் செங்கல் நினைவுக்கு வந்தது. சொல்ல வாய் வரவில்லை. ஸ்டியரிங்கைத் தவிர வேறு எதையும் அவர் வேலை என்று சொல்லிக் கேட்டதில்லை. ஓய்வுக்கு இன்னும் மூன்று வருடம் இருந்தது. காலை வண்டியிலோ அறுபது பேர் ஏறுகிறார்கள்.

இந்த ஞாயிறு எட்டாவது வில். ஆறு அம்பு விட்டார். நான்கு சுவரில் மோதி விழுந்தன.

"இடப்பக்கம் இழுக்குது. நீ விட்டுப் பாரு, தெரியும்."

"எனக்கெதுக்கு மாமா?"

"கூச்சப்படாத. வில்லுதான், பொண்ணு இல்ல."

செங்கல் பக்கத்தில் நின்று இழுத்தேன். முதல் அம்பு இருக்கையின் ஓரத்தில் குத்தியது. இரண்டாவது தொப்பென்று போய் நின்றது. வில் எந்தப் பக்கமும் இழுக்கவில்லை.

மாமா கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். "எங்க பட்டுச்சு?"

மஞ்சளுக்கு நடுவில் கறுப்பு வால் ஆடிக்கொண்டிருந்தது. ஒன்பது தப்படிதான். 'ஓரத்துல' என்று சொன்னால் ஒன்பதாவது வில்லுக்கு அடுப்புப் பற்றும், காலையில் வண்டியும் கிளம்பும். அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்தது.

"நடுவுல, மாமா."

"விளையாடாத."

"சத்தியமா நடுவுல."

அவர் நடந்துபோய் இருக்கையைத் தடவினார். விரல் அம்பைத் தொட்டு நின்றது, பிறகு அதைச் சுற்றி ஒருமுறை வந்தது. பிடுங்கவில்லை.

"வில்லு நல்லாத்தான் இருக்கு," என்றார்.

திரும்பி வந்து செங்கல்மேல் உட்கார்ந்தார். பையிலிருந்த போனை என்னிடம் நீட்டினார். "டிப்போ நம்பரப் போட்டுக் குடு."

மறுமுனையில் யாரோ எடுத்தார்கள். "சார், நாளைக்குக் காலை வண்டிக்கு வேற ஆளப் போட்டுக்குங்க... இல்ல சார், வரமுடியாது. கொஞ்சம் காய்ச்சல்."

காய்ச்சல் என்றது அக்காவின் காதில் விழுந்துவிட்டது. ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்து அவர் நெற்றியில் வைத்தாள்.

"சூடே இல்லையேங்க."

"இல்லதான்," என்றார் மாமா. "உக்காரு, சொல்றேன்."

எழுந்து செங்கல்லை அவளுக்கு விட்டார்.