கௌரியின் வலது கால்

இரண்டு நாள் காய்ச்சல் விட்டதும் கட்டிலை விட்டு இறங்கிய வசந்தா தொப்பென்று தரையில் உட்கார்ந்தாள். விளையாடுகிறாள் என்று நினைத்து அதட்டினேன். எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. வலது கால் ஈரத்துணி போலத் துவண்டு கிடந்தது. என் மகளுக்கு அப்போது மூன்று வயது.

இளம்பிள்ளை வாதம் (கிருமி நரம்பைத் தாக்கி, தசையைச் செயலிழக்க வைக்கும் நோய்) என்றார் மருத்துவர். கார்டன் ரீச் ரயில்வே அலுவலகத்தில் வேலை பார்த்த என் கணவர், விடுப்புப் போட்டுவிட்டு அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு அலைந்தார். ஓராண்டு கழித்து காலிப்பர் (காலைத் தாங்கும் இரும்புப் பட்டைகளும் தோல் வார்களும் கொண்ட கருவி) கிடைத்தது. அதை மாட்டிக்கொண்டு அவள் லேக் மார்க்கெட் வரை நடந்த அன்று, வெட்கமில்லாமல் நடுச்சந்தையில் நின்று அழுதேன். எழுபதுகளின் தொடக்கம் அது.

எங்கள் வீட்டில் வேலை செய்த மாலதி, தெற்கே ஒரு கிராமத்திலிருந்து ரயிலேறி தினமும் பாலிகஞ்ச் ஸ்டேஷனில் வந்து இறங்குவாள். அவள் மகள் கௌரிக்கும் இதே நோய், அதே வலது கால். வசந்தாவைவிட ஒரு வயது சின்னவள். அவளை இடுப்பில் சுமந்து, சேற்றில் நடந்து, ரயிலேறி வந்து ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க மாலதியால் முடியவில்லை.

வசந்தாவுக்குச் சின்னதாகிப்போன கவுன்களை ஒவ்வொரு வருஷமும் பூஜைப் பண்டிகைக்குக் கௌரிக்குக் கொடுப்பது வழக்கம். ஒரு வருஷம் மழை தொடங்கும் சமயத்தில் காலிப்பரும் சின்னதாகிவிட்டது. துடைத்து, எண்ணெய் போட்டு, அதையும் கொடுத்தேன்.

“அளவு பாக்காம குடுக்கறியே?” என்றார் கணவர்.

சட்டை சரியாக இருக்கும்போது இது மட்டும் இருக்காதா என்று கேட்டேன். எல்லாம் தெரிந்தவள்போலப் பேசுவது என் பிறவிக்குணம்.

கௌரி நடக்கிறாளா என்று மாலதியிடம் தினமும் விசாரித்தேன். “நல்லா நடக்கறா, பௌதி” என்பாள். பௌதி என்றால் அவர்கள் மொழியில் அண்ணி. அதைக் கேட்டுவிட்டு நிம்மதியாகக் காபி குடித்தேன்.

உண்மையில், காலிப்பரின் முழங்கால் கீல் கௌரியின் முழங்காலுக்கு இரண்டு விரல் கீழே இறங்கியிருந்தது. மழையில் ஊறிய வார் தோலை அறுத்தது. மாலதி கந்தல் துணியைத் திணித்துக் கட்டினாள். துணிக்கு அடியில் புண் வளர்ந்தது. இந்த நோயில் அசைவுதான் போகும், வலி தெரியும். உங்கள் வீட்டில் இப்படி ஒரு குழந்தை இருந்தால் இதை மட்டுமாவது மறக்காதீர்கள்.

காய்ச்சலில் அனலாகக் கொதித்த குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தபோது எலும்புக்குள் சீழ் பிடித்திருந்தது. முழங்காலுக்கு மேலே காலை வெட்டி எடுத்தால்தான் உயிர் தங்கும் என்றார்கள். எடுத்தார்கள்.

ஏன் சொல்லவில்லை என்று வராந்தாவில் மாலதியிடம் கேட்டேன்.

“வலிக்குதுன்னு சொன்னா திருப்பி வாங்கிடுவீங்கன்னு பயந்தேன், பௌதி. நான்தான் அவள பொறுத்துக்கச் சொன்னேன்.”

அவள் என்னைத் திட்டியிருக்கலாம். இன்றுவரை திட்டவில்லை. அதை என்னால் தாங்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் வசந்தாவுக்கு நடைப்பயிற்சி கொடுத்த பெண்ணின் கையைப் பிடித்து, மாலதியின் ஊருக்கு வரச் சொல்லிக் கெஞ்சினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தாள். அந்த ஊரில் படகு செய்யும் தச்சர் ஹரேன், கால் தாங்கிகளை மரத்தில் செய்யக் கற்றுக்கொண்டார். வாரச்சந்தையில் செருப்புத் தைப்பவர் வார்களைத் தைத்தார். பள்ளிக்கூட முற்றத்தில் மூங்கில் நட்டு, பிடித்து நடக்கக் கம்பிகள் கட்டினார்கள். ஏழு குழந்தைகள் வந்தார்கள். உடைந்தால் ஊரிலேயே சரிசெய்யலாம். ஒரு குழந்தையுடையதை இன்னொரு குழந்தைக்கு மாட்டக் கூடாது என்பது நான் போட்ட சட்டம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லோருக்கும் புதிதாக அளவெடுப்போம். என் காலம் இப்போது அப்படித்தான் நகர்கிறது, குழந்தைகளின் கால்கள் வளரும் அளவுக்கு.

ஒரு முறை அளவெடுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு மாலதி கௌரியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். கௌரி ஊன்றுகட்டைகளை ஓரமாக வைத்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். அவளுடைய இடது காலை அளக்கச் சொன்னாள் மாலதி. ஹரேன் அளந்தார். போன வருஷம் ஆஸ்பத்திரியில் அளந்ததைவிட ஓர் அங்குலம் கூடுதல்.

“அந்தக் காலும் இவ்வளவு வளந்திருக்கும் இல்ல, பௌதி?”

ஆமாம் என்றேன்.