மாமாவின் இடது பக்கம்

பெனால்டி என்றால் பயப்பட வேண்டியவன் பந்தை அடிக்கிறவன்தான் என்று பத்து வயதுவரை நான் நம்பிக்கொண்டிருந்தேன். அம்மாவின் தம்பி கோலில் நின்ற ஆட்டங்களை மட்டுமே பார்த்து வளர்ந்தவள் வேறு எப்படி நம்புவாள்? எதிரணிக்குப் பெனால்டி கொடுத்து ரெஃப்ரி விசில் ஊதினால் எங்கள் ஆட்கள் யாரும் பதற மாட்டார்கள். கையிலிருக்கும் சுண்டலைக் கொறித்துக்கொண்டே, பாவம், யார் அடிக்கப் போகிறானோ என்று பார்ப்பார்கள். கடலூர் முதுநகரில் எங்கள் தெருவில் மாமாவுக்குப் பெயரே பெனால்டிதான். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் கோயில் புத்தகத்தில் பத்திரமாக இருந்தது.

எப்படிப் பிடிக்கிறாய் என்று யார் கேட்டாலும் மாமா மறைக்காமல் சொல்லிவிடுவார். அடிக்கிற காலைப் பார்க்கக் கூடாது. பந்துக்குப் பக்கத்தில் ஊன்றுகிற காலைப் பார்க்க வேண்டும். அது எந்தப் பக்கம் திரும்புகிறதோ பந்தும் அந்தப் பக்கம்தான் வரும். இதைக் கேட்டுக்கொண்டு போய் நின்ற கோலிகள் எல்லோரும் ஊன்றுகிற காலை நன்றாகப் பார்த்தார்கள். பந்தைத்தான் விட்டார்கள்.

மாமா எங்கள் வீட்டோடு இருந்தார். குடிகாட்டுப் பக்கம் ஒரு கெமிக்கல் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. ஷிஃப்ட் முடிந்து வந்து குளித்ததும் கொல்லையில் எங்கள் ஆட்டம் தொடங்கும். முருங்கை மரத்துக்கும் துவைக்கிற கல்லுக்கும் நடுவில் கோல். அவர் நிற்பார், நான் அடிப்பேன். ஒரு நாளைக்குப் பத்துப் பந்து. பொங்கல்வரை பத்தில் ஒன்றுகூட உள்ளே போனதில்லை. பொங்கலுக்கு அப்புறம் போக ஆரம்பித்தது. முதலில் ஒன்று இரண்டு, பிறகு நாலு ஐந்து. துவைக்கிற கல் பக்கம், அதாவது மாமாவின் இடது கைப் பக்கம், தரையோடு தரையாக அடித்தால் போதும். கோடை லீவு விடுவதற்குள் பத்துக்கு ஒன்பது போய்க்கொண்டிருந்தது.

என்னைவிட மாமாவுக்குத்தான் பெருமை. வீட்டுக்கு வருகிறவர்களையெல்லாம் உட்காரவைத்து, இவள் கால் சாதாரணக் கால் இல்லை, என்னையே ஏமாற்றுகிறாள் என்பார். நானும் அப்படியே நம்பினேன். கண்ணாடி முன்னால் நின்று என் வலது காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்ட நாட்கள் உண்டு. அதே நாட்களில்தான் மாமா கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டார், சொம்புத் தண்ணீரை டம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றினார். கல்யாண ஆசை வந்தால் கால் தரையில் பாவாது என்று அம்மா கேலி செய்தாள். மாமாவும் வெட்கப்பட்டுச் சிரித்தார். எங்களுக்கெல்லாம் அது நல்ல வேடிக்கையாக இருந்தது, கர்மம்.

கல்யாணப் பேச்சு நிஜமாகவே நடந்துகொண்டிருந்தது. நெல்லிக்குப்பத்துப் பெண். மாமாவுக்குப் பெண்ணை ரொம்பப் பிடித்திருந்தது. பெண்ணுக்கும் பிடித்திருந்தது என்பார்கள். ஆனால் பெண்ணின் அப்பா, கான்ட்ராக்ட் ஆளுக்கு எப்படிக் கொடுப்பது, வேலை பர்மனென்ட் ஆகட்டும் என்று சொல்லிவிட்டார். அதற்கும் ஒரு வழி திறந்திருந்தது. மாமா விளையாடியது கம்பெனி டீமில். மே மாசக் கடைசியில் சிதம்பரத்தில் நடக்கும் டோர்னமென்டில் கப்பு ஜெயித்து வந்தால், கோலிக்கு முதல் ஆர்டர் போடுகிறேன் என்று மேனேஜரே வாய்விட்டுச் சொல்லியிருந்தார். அம்மா மாதாவுக்கு மாலை நேர்ந்துகொண்டாள்.

டோர்னமென்டுக்கு இரண்டு வாரம் முன்னால் கோயிலில் எனக்குப் புது நன்மை, அதாவது முதல் நற்கருணை, கொடுத்தார்கள். மாமா எடுத்துக்கொடுத்த வெள்ளை கவுனும் தலையில் வெள்ளைப் பூக்கிரீடமுமாக நான் ஒரு நாள் முழுக்கத் தரையில் நடக்கவே இல்லை. சிதம்பரத்திலிருந்து அத்தை, அப்பாவின் அக்கா, குடும்பத்தோடு வந்திருந்தாள். அத்தை மகன் காலேஜ் படித்துக்கொண்டு சிதம்பரம் டீமில் ஆடிக்கொண்டிருந்தான். முறைப்பையன் ஆயிற்றே, உன் மாப்பிள்ளை வந்துட்டான் பார் என்று பெண்கள் எல்லோரும் என்னைச் சீண்டித் தீர்த்தார்கள். எனக்கு ஒரே எரிச்சல். அவனோ என்னைச் சின்னப் பாப்பா மாதிரி தலையில் தட்டி, கொல்லையில் கிடந்த பந்தைக் காட்டி, இதைத் தூக்கவாவது முடியுமா என்று கேட்டான்.

அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மாமாவுக்கே நான் கோல் போடுவேன், பத்துக்கு ஒன்பது என்றேன். அவன் சிரித்தான். இடது பக்கம், தரையோடு, அங்கே அடித்தால் மாமாவால் பிடிக்கவே முடியாது என்றேன். புளுகாதே என்றான். காலையில்தான் நற்கருணை வாங்கிய நாக்கு என்னுடையது. அதை நம்பவில்லை என்றால் எப்படி?

"புது நன்மை மேல சத்தியமா சொல்றேன்."

அவன் சிரிப்பை நிறுத்திவிட்டான். அதற்குப் பிறகு பிரியாணி சாப்பிடும்போது மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒருவழியாக என்னைப் பெரியவளாக மதித்துவிட்டான் என்று எனக்குத் திருப்தி.

சிதம்பரத்துக்கு ஃபைனல் பார்க்க வேன் வைத்துப் போனோம். எதிரணி அத்தை மகனுடைய டீம்தான். வெயில் தாழ்ந்தும் ஆட்டத்தில் இரண்டு பக்கமும் கோல் விழவில்லை. பெனால்டிக்குப் போகிறது என்றதும் எங்கள் ஆட்கள் அப்போதே விசிலடித்துக் கப்பை வாங்கிவிட்டார்கள். டீமுக்கு ஐந்து பந்து. அவர்களுடைய முதல் பந்து மாமாவின் வலது பக்கம் வந்தது. பிடித்து மார்போடு அணைத்துக்கொண்டார். இரண்டாவது அத்தை மகன். இடது பக்கம், தரையோடு. போய்விட்டது. என்னையறியாமல் நான் கை தட்டிவிட்டேன். அம்மா தொடையில் கிள்ளினாள்.

அவன் திரும்பிப் போய் மற்ற மூன்று பேரையும் கூப்பிட்டு ஏதோ சொன்னான். மூன்றாவது பந்தும் இடது பக்கம். நான்காவதும் அங்கேதான். நான் இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன். எங்கள் பக்கம் இரண்டு பேர் வெளியே அடித்திருந்தார்கள். கடைசிப் பந்தை மாமா பிடித்தாக வேண்டும். அவருக்கும் புரிந்துவிட்டது. அடிக்கும் முன்பே இடது பக்கம் பாய்ந்தார். சரியான பக்கம்தான். ஆனால் பந்து போன இடத்துக்கு ஒரு சாண் தள்ளிப் புல்லைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். வெகு நேரம் எழுந்திருக்கவே இல்லை.

திரும்பி வரும்போது வேனில் நான் மாமா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சொல்லிவிடலாம் என்று நாலைந்து முறை வாயைத் திறந்தேன். பயமாக இருந்தது. மாமா என் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார், நான் தூக்கத்தில் விழுகிறேன் என்று நினைத்து.

அடுத்த சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். புது நன்மை வாங்கிய புதிதில் சொல்லுவதற்குப் பாவம் போதாமல் திண்டாடிக்கொண்டிருந்தவளுக்கு அந்த வாரம் நிஜமாகவே ஒன்று கிடைத்துவிட்டது. பங்குச் சாமியாரிடம் எல்லாவற்றையும் அழுதுகொண்டே ஒப்பித்தேன். அவரும் அந்த ஃபைனலைப் பார்க்க வந்தவர். கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து, நாலு பந்துமா என்று கேட்டார். பிறகு மூன்று அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்லச் சொன்னார். மாமாவிடம் போய் நீயே சொல்லி மன்னிப்புக் கேள் என்றார்.

அந்தச் சாயங்காலத்துக்கு அப்புறம் என்னவெல்லாம் நடந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், கடைசியில் சொல்ல எனக்குத் தெம்பு இருக்காது. நெல்லிக்குப்பத்துக்காரர்கள் ஆனி மாசம் வேறு இடத்தில் கல்யாணத்தை முடித்துவிட்டார்கள். கான்ட்ராக்ட்டும் அந்த வருஷத்தோடு போயிற்று. புதுச்சேரி டாக்டர், இடது கண்ணில் நரம்பு செத்துவிட்டது, வலியே இல்லாமல் வருகிற வியாதி இது, ஐந்தாறு மாசம் முன்னால் வந்திருந்தால் கொஞ்சம் பார்வையாவது மிஞ்சியிருக்கும், இனி வலது கண்ணையாவது சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றிக்கொள் என்றார். மாமா காப்பாற்றிக்கொண்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கோலிலும் நிற்கவில்லை. நீ அன்றைக்குப் போய்ச் சொன்னதால்தான் ஒரு கண்ணாவது தங்கியது என்று அம்மா இன்றும் என்னைத் தேற்றுகிறாள். என்னால் தேற முடியவில்லை. ஐந்தாறு மாசம் தினமும் சாயங்காலம் அந்தக் கண்ணின் பக்கமாகப் பந்தை அடித்து, கோல் கோல் என்று கத்தியவள் நான். உலகத்தில் அதை முதலில் தெரிந்துகொண்டவள் நான்தான், தெரிந்தது இன்னதென்று தெரியாமலேயே.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் நான் கோயிலிலிருந்து ஓடி வந்தபோது மாமா கொல்லையில் துவைக்கிற கல்மேல் உட்கார்ந்திருந்தார். சொன்னேன். கோபப்படுவார் என்று கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். அவருக்குக் கோபமே வரவில்லை.

"நீ சொன்னா என்ன பாப்பா? எந்தப் பக்கம்னு தெரிஞ்சா மட்டும் என்னத் தாண்டிப் போயிடுமா? உன் கால்ல அந்த வேகம் இருக்கு, போவுது. தெருப் பசங்ககிட்டயும் அப்படித்தான அடிக்கிற?"

மூக்கை உறிஞ்சிக்கொண்டு, இல்லை என்று தலையாட்டினேன்.

"அவனுவோ எல்லாத்தையும் புடிச்சிடுறானுவோ. சின்னப் பையன்கூடப் புடிச்சிடுறான். உன்கிட்ட மட்டும்தான் மாமா போவுது."

மாமா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் எழுந்து போய் மரத்துக்கும் கல்லுக்கும் நடுவில் நின்றார். பந்தை வை என்றார். மன்னித்துவிட்டார், மறுபடியும் விளையாட்டு ஆரம்பித்துவிட்டது என்று எனக்கு உயிர் வந்தது. மாமா வலது கையைத் தூக்கி வலது கண்ணைப் பொத்திக்கொண்டார். இது என்ன புது விளையாட்டு என்று எனக்குச் சிரிப்பு வந்தது. வழக்கம்போல இடது பக்கம், தரையோடு, மெதுவாகத்தான் அடித்தேன். மணலில் சத்தமில்லாமல் உருண்டு, அவர் காலை ஒட்டிக்கொண்டு உள்ளே போயிற்று. மாமா அசையவே இல்லை. கண்ணைப் பொத்திய கையோடு, என் பக்கம் முகத்தை வைத்துக் காத்துக்கொண்டிருந்தார்.

"அடி பாப்பா" என்றார்.

"அடிச்சிட்டேன் மாமா! கோலு!" என்று கத்திக்கொண்டு, இரண்டு கையையும் தூக்கி, கொல்லை முழுக்க ஓடினேன்.