மஞ்சள் போட்டுக் கழுவிய குடல்

“...மஞ்சள் கூடப் போட்டு மூணு தண்ணி அலசியிருக்கேன், கூச்சப்படாம வாங்குங்கண்ணே” என்றபடி அந்த அம்மா எவர்சில்வர் தூக்கை என் மேசைமேல் வைத்தார்.

மூடியைத் திறந்தேன். ஆட்டுக்குடல். இலுப்பூர்க் கறிக்கடையில்கூட இவ்வளவு வெள்ளையாக நான் பார்த்ததில்லை. உள்பக்கத்தை வெளியே திருப்பி, வழித்து, அலசி, சுருட்டி வைத்திருந்தார். குழம்பு வைப்பதுதான் பாக்கி. சிரிப்புத்தான் முதலில் வந்தது. எதைப் பார்த்து நோயைக் கண்டுபிடிக்க வேண்டுமோ அதையெல்லாம் அவர் குழாயடியில் விட்டுவிட்டு வந்திருந்தார்.

தப்பு அவருடையது இல்லை. என்னுடையது.

செத்த ஆடுமாடுகளை அறுத்து, என்ன நோய் என்று பார்க்கிற கூடத்தில் நான் உதவியாள். கழுவுவது, கத்தி தீட்டுவது, பாட்டிலில் பேர் எழுதி ஒட்டுவது என் வேலை. எங்கள் இடத்துக்கு ஊருக்குள் ‘செத்த பெறகு ஜாதகம் பாக்குற ஆபீஸ்’ என்று பேர். திருமயத்துக்காரர் ஒருவர், “மாடு உசுரோட இருந்தப்ப ஒரு டாக்டரு வரலை, செத்ததும் மூணு பேரு சுத்தி நிக்கிறீங்க” என்றார். இப்படி யார் எதைச் சொன்னாலும் காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்துக்கொள்வேன். பத்தாவதோடு நின்றவன். நோய்களையும் இப்படிக் காதில் வாங்கித்தான் கற்றேன். கற்றேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று காலை இந்த அம்மா போன் செய்தபோது எங்கள் கூடத்து டாக்டரம்மா மீட்டிங்கில் இருந்தார். ஒரே வாரத்தில் மூன்றாவது வெள்ளாடு செத்துவிட்டது என்றார். மழை பெய்து இளம்புல் முளைத்திருந்த நேரம். இளம்புல்லை வயிறு முட்ட மேய்ந்த ஆடு துள்ளி விழுந்து சாகும் துள்ளுமாரி நோய்தான் என்று நானே முடிவு கட்டினேன். “குடலை எடுத்துக்கிட்டு வாங்க” என்றேன். இரண்டு முனையையும் நூலால் கட்டி, உள்ளே இருப்பது சிந்தாமல் கொண்டுவர வேண்டும் என்பதைச் சொல்லவில்லை. போனை வைத்தபோது பெரிய வேலை பார்த்துவிட்டதாக வேறு நினைப்பு.

டாக்டரம்மா வந்து தூக்கைப் பார்த்தார்.

“யாரு கழுவச் சொன்னதுக்கா?”

“யாரும் சொல்லலை தாயி. ஒரு டாக்டரு கையில சாணியோடயா குடுக்க முடியும்?”

நான்தான் போனில் சொன்னேன், கட்டச் சொல்ல மறந்துவிட்டேன் என்றேன். டாக்டரம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

பிறகு ஆடுகள் எப்படிச் செத்தன என்று விசாரித்தார். முதலாவது மேய்ந்துவிட்டு வந்து நாலு துள்ளு துள்ளி விழுந்ததாம். துள்ளுமாரியேதான் என்று நான் தலையாட்டினேன். இரண்டாவது, இரண்டு நாள் பேதி போய், மூக்கு ஒழுகிச் செத்ததாம். ஆட்டிய தலை அப்படியே நின்றுவிட்டது. அது ஆட்டுக்கொல்லியின் அடையாளம். பட்டிக்குப் பட்டி தாவுகிற நோய். மூன்றாவது, தூக்கில் குடலாக வந்தது, ஒன்றும் செய்யாமல் படுத்தே போயிற்றாம்.

“எங்க கொழுந்தன் யாரோ மருந்து வச்சுட்டாங்கிறாரு. பக்கத்து வீட்டுல கண்ணேறுங்கிறாக. எனக்கு ஒண்ணும் வெளங்கலை தாயி. பதினோரு உருப்படி பட்டியில நிக்கிது. அதை நம்பித்தான் நானும் எம்பொண்ணும் இருக்கோம்.”

“எனக்கும் வெளங்கலைக்கா” என்றார் டாக்டரம்மா. “துள்ளுமாரின்னா மேய்ச்சலை நிறுத்தணும். ஆட்டுக்கொல்லின்னா உங்க பட்டியோட நிக்காது, ஊரையே பாக்கணும். வீட்டுல சீக்காளி எதுவும் கெடக்கா?”

“வீட்டுல இல்லை. வெளிய லோடு ஆட்டோவுல கெடக்கு.”

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தோம்.

“செத்ததைத்தான் இங்க பாப்பீகன்னு சொன்னாக. உசுரோட கொண்டாந்தா வைவீகளோன்னு நான் சொல்லலை.”

ஓடிப்போய்த் தூக்கி வந்தேன். கருப்புப் பெட்டை. ஈரச்சாக்கில் சுற்றியிருந்தது. தலை பின்னால் வளைந்து, கால்கள் விறைத்து விறைத்து அடங்கின. டாக்டரம்மா கண்ணைப் பார்த்தார், வாயைத் திறந்து பார்த்தார், வெகுநேரம் வயிற்றில் குழாய் வைத்துக் கேட்டார். அந்த அம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது பொழைக்காதுக்கா. நீங்க சரின்னா, வலி தெரியாம ஊசி போட்டு முடிச்சு, இப்பவே அறுத்துப் பாத்துடலாம். மத்ததுக்கு என்ன செய்யணும்னு தெரிஞ்சுடும்.”

“அதுவாச் சாகட்டுமே. அப்பத் தெரியாதா?”

“எப்பச் சாகும்னு சொல்ல முடியலையே. ராத்திரியில போச்சுன்னா, காலையில குடல் கெட்டுப்போயிருக்கும். அப்புறம் பாத்தும் பிரயோசனம் இல்லை. ஒங்க கையெழுத்து இல்லாம நான் தொட மாட்டேன்.”

உயிரோடு தூக்கி வந்தது நான்தானே என்று எனக்கு உறுத்தியது. குடலைச் சரியாகக் கட்டி வாங்கியிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காதோ என்றும் தோன்றியது. வந்திருக்குமோ, அதுவும் தெரியவில்லை. இன்றுவரை தெரியவில்லை.

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். “அண்ணே, ஒங்க வீட்டு ஆடுன்னா என்ன செய்வீங்க?”

நாளெல்லாம் வாய் ஓயாதவன் நான். ஊரார் சொன்னதெல்லாம் காலண்டர் தாளில் எழுதி வைத்திருப்பவன். குனிந்து, ஆட்டின் மேலிருந்து நழுவிய ஈரச்சாக்கை இழுத்துவிட்டேன். அறுக்கச் சொல்லவும் முடியவில்லை, கொண்டுபோகச் சொல்லவும் முடியவில்லை.

 அவர் ஆட்டின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பாட்டில் தண்ணீரை உள்ளங்கையில் ஊற்றி அதன் வாயில் விட்டார். கடைவாய் வழியாக அப்படியே வழிந்தது. முந்தானையால் வாயைத் துடைத்தார். கழுத்துக் கயிற்றின் முடிச்சு இறுகிப்போயிருந்தது. பல்லால் கடித்து இளக்கி அவிழ்த்தார். கயிற்றைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்து, டாக்டரம்மாவிடம் பேனா கேட்டு வாங்கினார்.