ஏற்றத்தில் எரிந்த விளக்கு

பட்டறையில் அவளுக்கு ‘உடும்பு’ என்று பெயர். வைத்தது அவள் கணவன்தான். இன்ஜின் வேலை அவனுடையது, ஒயர் வேலை அவளுடையது. ஒரு கோளாறைப் பிடித்துவிட்டால் அவளுக்குச் சோறு தண்ணீர் நினைவிருக்காது. சாப்பிடக் கூப்பிடுகிறவனுக்குத்தான் தொண்டை வற்றும்.

இந்த முறை வந்து நின்றது அவள் தங்கையின் வாடகைக் கார். அதை ஓட்டித்தான் தங்கை குடும்பத்தை நடத்திக்கொண்டிருந்தாள். சமதரையில் சமர்த்தாக ஓடும் வண்டி, மேம்பாலம் ஏறினால் மஞ்சள் விளக்கை எரியவிட்டு மூச்சு வாங்கும். சவாரி வந்தவர்கள் முகம் சுளித்துச் சுளித்து, தங்கைக்கு வெறுத்தே போய்விட்டது. விற்றுத் தொலைக்கிறேன் என்று புரோக்கரிடம் சொல்லிவிட்டாள். அன்று சாயங்காலம் அவர் வருவதாக இருந்தது.

சோதனைக் கருவி, நாக் சென்சார் இணைப்பில் கோளாறு என்றது. எரிபொருள் தப்பாக வெடித்து இன்ஜின் தட்டுகிறதா என்று கேட்கிற காது அது. காது கேட்காவிட்டால் வண்டியின் கம்ப்யூட்டர் பயந்து இழுவையைக் குறைத்துவிடும். போன வாரமே அவள் புது சென்சார் போட்டு, இனி கவலையில்லை என்று தங்கைக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். மறுநாளே விளக்கு எரிந்து அவள் மூக்கை உடைத்தது.

இன்ஜினைப் பிரித்துப் பார்த்துவிடலாம் என்றான் கணவன். அவள் மசியவில்லை. சென்சாரிலிருந்து கம்ப்யூட்டருக்குப் போகும் ஒயரின் இரு முனையையும் கழற்றி மீட்டரில் மாட்டினாள். ஒயர் முழுசாக இருந்தால் மீட்டர் கூவும், கூவியது. ஆட்டினாள், முறுக்கினாள். அப்போதும் கூவிக்கொண்டே இருந்தது. கணவன் வாயைத் திறக்காமல் ஸ்பானர் பெட்டியைத் திறந்தான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஏற்றத்தில் மட்டும் ஏன்? அழுத்தி மிதித்தால் என்ன ஆகும்? ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிற இன்ஜின் ஒரு பக்கமாகச் சாயும்.

“ஸ்பானரை வைங்க. கடப்பாரையை எடுத்து இன்ஜினை லேசா நெம்புங்க.”

நெம்பினான். மீட்டர் வாயடைத்துப்போனது. விட்டான், கூவியது.

அவள் விளக்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே குனிந்தாள். இன்ஜினிலிருந்து வரும் ஒயரைத் துளியும் தொய்வில்லாமல் காரின் பாடியோடு இறுக்கியிருந்தது ஒரு பிளாஸ்டிக் பட்டை. அதன் வால் ஒட்ட நறுக்கப்பட்டிருந்தது. இவ்வளவு நேர்த்தியாகக் கட்டுகிற கை அந்தப் பட்டறையில் ஒன்றுதான். இன்ஜினின் பழைய ரப்பரை மாற்றியபோது அவள் கணவன் கட்டியது. இன்ஜின் சாயும்போதெல்லாம் ஒயர் இழுபட்டு, மேல்தோல் அப்படியே இருக்க, உள்ளே செம்பு அற்றுப்போயிருந்தது.

பட்டையைப் பார்த்ததும் அவன் முகம் செத்துவிட்டது. அவள் பட்டையை வெட்டி எறிந்தாள். புது ஒயரைத் தாராளமான தொய்வோடு போட்டு முடித்தாள். வண்டியை எடுக்க வந்த தங்கையிடம், எலி கடித்துவிட்டது என்று சமாளிக்க ஆரம்பித்தாள். அவள் முடிப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

“நான் இறுக்கிக் கட்டினதுதாம்மா காரணம். எலியெல்லாம் ஒண்ணுமில்ல.”

தங்கை சாவியை வாங்கிக்கொண்டு மேம்பாலத்துக்கு விட்டாள். இவர்கள் இருவரும் வாசலில் நின்றார்கள்.  இந்த முறையும் விளக்கு எரிந்தால் தங்கைக்கு வண்டி கிடையாது, தங்கை முகத்தில் விழிக்க இவளுக்கு வழியும் கிடையாது.

வண்டி திரும்பி வந்தது. தங்கை இறங்கவில்லை, ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். கன்னம் நனைந்திருந்தது. போனைக் காதில் வைத்திருந்தாள்.

“வராதீங்கண்ணே. வண்டி எனக்கு வேணும்.”