மூன்றாவது கம்பி

தொண்ணூறுகளின் நடுவில் மைசூர் விஜயநகரில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். மகளுக்கு எட்டு வயது. பெங்களூரிலிருந்து வந்த நண்பர் ஒருவர் அவளுக்கு ஒரு ஹாம்ஸ்டர் கொண்டுவந்து கொடுத்தார். எலி ஜாதிதான், ஆனால் கொழுகொழுவென்று, வாலே இல்லாதது போல இருக்கும். குருவி வளர்க்கும் கம்பிக் கூண்டில் விட்டோம். நீளம் இரண்டு சாண்.

தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் அது விழித்து, இடது மூலையில் மூன்றாவது கம்பியைப் பிடித்துக்கொண்டு கடிக்கும். மகள் ஓடிவந்து "பாரோ, பாரோ" என்று, 'வாடா, வாடா' என்பதைக் கன்னடத்தில் சொல்லிக் கொஞ்சுவாள். "என்னைக் கூப்பிடுதுப்பா" என்பாள். பள்ளிக்கூடத்திலும் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள். நானும் நம்பினேன்.

அலமாரி செய்ய வந்த தச்சர், கொள்ளேகால் பக்கத்துத் தமிழர், ஒரு மாலை அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கூப்புடலைங்க சார். வெளிய உடச் சொல்லுதுங்க. என்னைய இதுல அடைச்சா நானும் இப்படித்தானுங்க கூப்புடுவேன். மூக்கப் பாருங்க."

மூக்கின் மேல் முடி உதிர்ந்து சிவந்திருந்தது. ஒரு மாதமாக எதிரிலேயே உட்கார்ந்திருந்தும் நான் அதைக் கவனிக்கவில்லை.

மிச்சப் பலகையில் அவரே நாலடிப் பெட்டி ஒன்று செய்து, மேலே வலை மூடி போட்டு, உள்ளே ஒரு சாண் உயரத்துக்கு மரச்சுருளைக் கொட்டிக் கொடுத்தார். ஹாம்ஸ்டர் அதில் வளை தோண்டியது. நிலக்கடலையைப் புதைத்து வைத்தது. மூலைக்கு மூலை ஓடியது. எதையும் கடிக்கவில்லை. மகள் பக்கமும் வரவில்லை.

ஒரு வாரம் பொறுத்தாள். "அது என்னை மறந்துடுச்சுப்பா. பழைய கூண்டே இருக்கட்டும்" என்று அழுதாள். மனம் கேட்காமல் நானே பரணிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

கூண்டில் விட்டதும் அது நேராக மூன்றாவது கம்பிக்கு வந்தது. மகளின் முகம் மலர்ந்தது. விரலை நீட்டினாள். அது விரலைப் பார்க்கவில்லை, கம்பியையே கடித்தது. விரலை இந்தப் பக்கம் கொண்டுபோனாள், அந்தப் பக்கம் கொண்டுவந்தாள். பிறகு கூண்டைத் தூக்கிப் பெட்டிக்குள் வைத்து, அதன் கதவைத் திறந்தாள்.

"போ. அங்கயே இரு."

அது உயிரோடிருந்தவரை, மாலைகளில் பெட்டியருகே உட்கார்ந்து மரச்சுருள் அசைவதை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பாள்.

இப்போது அவள் கடல் கடந்த ஊரில் இருக்கிறாள். முதல் வருடம் தினமும் போன் செய்து அழுதாள். இப்போது மாதத்துக்கு ஒருமுறை பேசுகிறாள். விளக்கு வைக்கும் நேரத்தில் என் கண் தானாகப் போன் பக்கம் போகிறது. அது அடிக்காத மாலைகளில், அவளுக்கு அங்கே இடம் போதுமாக இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அன்று அவள் உட்கார்ந்திருந்தது போலவே உட்கார்ந்திருக்கிறேன்.