செவ்வாய், வெள்ளி வயிற்று வலி

பிரிசில்லா வெந்நீர்ப் பையை மேசை விளிம்பில் சாய்த்துப் பிடித்து, உள்ளே இருந்த காற்றை அமுக்கி வெளியேற்றி, மூடியைத் திருகினாள். கவிழ்த்துப் பார்த்தாள். ஒழுகவில்லை. ஒரு துண்டை எடுத்துப் பையைச் சுற்றினாள். இவ்வளவு நேரமும் கட்டிலில் படுத்திருந்த பெண்ணை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க என்ன இருக்கிறது? செவ்வாய்க்கிழமை, இரண்டாம் பீரியட், பத்தாம் வகுப்பு இளவேனில், வயிற்று வலி. பதிவேட்டிலும் எழுதியாகிவிட்டது.

பொம்மசந்திரா தொழிற்பேட்டையை ஒட்டிய அந்தப் பள்ளியில் நோயறை என்பது மாடிப்படிக்குக் கீழே இரண்டு கட்டில், ஒரு அலமாரி, ஒரு வாஷ்பேசின். பிரிசில்லாவுக்கு அங்கே இது பதினான்காவது வருடம். பிறந்தது கோலார் தங்கவயலில். சுரங்கத் தூசி அப்பாவின் நுரையீரலைத் தின்றபோது, பதினேழு வயதில், அவரை உட்கார வைத்து முதுகைத் தட்டிச் சளி எடுக்கப் பழகினாள். பிறகு மிஷன் ஆஸ்பத்திரியில் ஒன்றரை வருடம் உதவி நர்ஸ் பயிற்சி. சுரங்கத்தை மூடியதும் கணவன் வின்சென்ட்டோடு சந்தாபுராவுக்கு வந்துவிட்டாள். அவனுக்கு லேத் பட்டறை. இவளுக்கு முதலில் ஒரு முதியோர் இல்லம், அப்புறம் இந்த நோயறை. படுக்கைப் புண் கழுவிய கைக்குப் பள்ளிப் பிள்ளைகளின் முழங்கால் சிராய்ப்பு ஒரு வேலையே இல்லை.

வேலை வேறு விதத்தில் வந்தது. இரண்டு வருடமாகப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் நோயறைக்குத் தூங்க வந்தார்கள். காய்ச்சல் இல்லை, காயம் இல்லை. கண் சிவந்து, நின்ற இடத்தில் ஆடினார்கள். இரவு ஒரு மணி, இரண்டு மணி வரை வீட்டுப்பாடம். ஆனால் தூக்கத்துக்கு இடம் கொடுக்கப் பள்ளியில் விதி கிடையாது. தலைவலி என்றால் மாத்திரை கொடுத்து வகுப்புக்கு அனுப்பிவிட வேண்டும். காய்ச்சலைத் தெர்மாமீட்டர் காட்டிக் கொடுத்துவிடும். யாராலும் அளக்க முடியாதது வயிற்று வலி ஒன்றுதான். அதனால் பிரிசில்லா எல்லோருக்கும் வயிற்று வலி என்றே எழுதினாள். வாசலில் நின்று "சிஸ்டர், வயிறு" என்று சொன்னால் போதும். ஒரு பீரியட் கட்டில் கிடைக்கும். சுற்றறிக்கை இல்லாமலே வகுப்பு முழுவதற்கும் இது தெரிந்திருந்தது.

அவள் பையை எடுத்துக்கொண்டு கட்டிலுக்கு வந்தாள்.

"சிஸ்டர், அது வேணாம்."

"இன்னாது வேணாம்?"

"பை. துணி பட்டாலே வலிக்குது."

பிரிசில்லா அப்போதுதான் அவளைப் பார்த்தாள். தூங்க வருகிற பிள்ளை தலையணையில் தலை வைத்த இரண்டாவது நிமிடம் வாயைத் திறந்துவிடும். இவள் வந்து கால் மணி நேரமாகிறது. கண் விழித்தபடி கிடக்கிறாள். வலது முழங்கால் வயிற்றோடு மடங்கியிருக்கிறது. நெற்றி மயிர் வியர்வையில் ஒட்டியிருக்கிறது.

"எப்போலேர்ந்து?"

"நேத்து காலைலேர்ந்து."

"மொதல்ல எங்க வலிச்சுது?"

"தொப்புள்கிட்ட. இப்ப இங்க." வலப்பக்கம், இடுப்பெலும்புக்குச் சற்று உள்ளே காட்டினாள்.

"வாந்தி எடுத்தியா?"

"ரெண்டு தடவ."

"அம்மாகிட்ட சொன்னியா?"

"இல்ல சிஸ்டர். நாப்பது சம் இருந்துச்சு. இன்னிக்கு சப்மிஷன். சொன்னா லீவு போடச் சொல்வாங்க, இன்டர்னல் மார்க் போயிடும்."

"முடிச்சியா?"

"முப்பத்தாறு."

பிரிசில்லா அந்த இடத்தில் விரல்களை வைத்து மெதுவாக அமுக்கினாள். பெண் பல்லைக் கடித்தாள். கையைச் சட்டென்று எடுத்ததும் கத்திவிட்டாள். தெர்மாமீட்டர் நூற்றொன்று காட்டியது. பிரிசில்லா வெந்நீரை வாஷ்பேசினில் கொட்டிவிட்டு இண்டர்காமை எடுத்தாள். குடல்வாலில் சூடு வைப்பதும் நெருப்பில் எண்ணெய் விடுவதும் ஒன்று. கால் நிமிடம் கவனிக்காமல் இருந்திருந்தால் தன் கையாலேயே வைத்திருப்பாள்.

வைஸ் பிரின்சிபல் ஜெயலட்சுமி இறங்கி வந்தார். பின்னாலேயே கணக்கு வாத்தியார் சந்திரன், நோட்டுக் கொடுக்காத பெண்ணைத் தேடிக்கொண்டு.

"மேடம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும். அப்பெண்டிக்ஸ்னு நெனைக்கிறேன். வெளிய கூட்டிட்டுப் போக உங்க கையெழுத்து வேணும்."

ஜெயலட்சுமி கையெழுத்துப் போடவில்லை. மேசையில் கிடந்த பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"ஜூலைலேர்ந்து பதினொரு தடவ, பிரிசில்லா. எல்லாம் வயித்து வலி. எல்லாம் செவ்வாய், வெள்ளி. மத்த நாள்ல இந்தப் பொண்ணுக்கு வயிறே கிடையாதா?"

"ரெண்டு நாளும் என் சப்மிஷன் மேடம்," என்றார் சந்திரன். "ஃபர்ஸ்ட் ரேங்க் பொண்ணே இப்படி எஸ்கேப் ஆனா மத்ததுங்க என்ன பண்ணும்?"

இளவேனில் எழுந்து உட்காரப் பார்த்தாள். "நான் கிளாஸுக்குப் போறேன் சார். நாலுதான் பாக்கி."

"படு," என்றாள் பிரிசில்லா. பிறகு ஜெயலட்சுமியிடம் திரும்பினாள். "அந்தப் பதினொண்ணும் பொய் மேடம்."

"அதத்தானே நானும் சொல்றேன்."

"அவ சொன்ன பொய் இல்ல. நான் எழுதின பொய். பதினொரு தடவையும் தூங்கத்தான் வந்தா. நான்தான் வயித்து வலின்னு எழுதினேன். இவ மட்டும் இல்ல, பத்தாங்கிளாஸ்ல பாதிப் பேருக்கு அப்படித்தான் எழுதி வெச்சிருக்கேன். இன்னிக்கு இது நெஜம். மெமோவ நாளைக்குக் குடுங்க, இப்ப கையெழுத்துப் போடுங்க."

ஜெயலட்சுமி பதிவேட்டை மூடினார். "பேரன்ட் சரின்னு சொல்லட்டும். அப்புறம் போடறேன்."

இளவேனிலின் அம்மா ராதா எலக்ட்ரானிக் சிட்டியில் மென்பொருள் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். பிரிசில்லா மூன்றாவது முறை அழைத்தபோதுதான் போனை எடுத்தாள்.

"சிஸ்டர், மீட்டிங்ல இருக்கேன். வயித்து வலிதானே? போன மாசம் உங்க ஸ்கூல் மெசேஜ பாத்துட்டு லீவு போட்டு ஸ்கேன் எடுத்தேன். ஒண்ணுமே இல்ல. டென்ஷன், கண்டுக்காதீங்கன்னு டாக்டர் சொல்லிட்டார். ஒரு டைஜீன் குடுத்து அனுப்புங்க."

ஸ்கேன் எடுத்தது பிரிசில்லாவுக்குத் தெரியாது. பதிவேட்டில் எழுதுவதை அலுவலகத்தில் அன்றே பெற்றோரின் செல்போனுக்கு அனுப்பிவிடுவார்கள் என்பது தெரியும். அங்கே போய் அது என்ன செய்யும் என்று அவள் யோசித்ததில்லை.

"போன மாசம் உங்க பொண்ணுக்கு வலியே இல்லம்மா. தூக்கம். நான்தான் மாத்தி எழுதினேன். இப்ப ஜொரம் நூத்தியொண்ணு, அமுக்கின கைய எடுத்தா கத்தறா. திட்டறதா இருந்தா ஆஸ்பத்திரிக்கு வந்து திட்டுங்க. மேடம்கிட்ட சரின்னு மட்டும் சொல்லுங்க."

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு, "எந்த ஆஸ்பத்திரி?" என்றாள் ராதா.

ஜெயலட்சுமி கையெழுத்துப் போட்டார். ஆம்புலன்ஸ் வர நாற்பது நிமிடமாகும் என்றார்கள். சந்திரன் சட்டைப் பையிலிருந்து கார் சாவியை எடுத்தார்.

ஓசூர் ரோட்டில் லாரிகள் ஒன்றன் வாலை ஒன்று பிடித்து நின்றன. பின் இருக்கையில் பிரிசில்லா பெண்ணின் கால்களை மடக்கித் தன் மடியில் தாங்கியிருந்தாள்.

"தண்ணி வேணும் சிஸ்டர்."

"கெடையாது. ஆபரேஷன்னா வயிறு காலியா இருக்கணும்."

"ஆபரேஷனா? அப்ப வெள்ளிக்கிழம சப்மிஷன்?"

சந்திரன் கண்ணாடியில் பார்க்காமல் ஹாரனை அழுத்தினார். கார் நான்கு அடி நகர்ந்து நின்றது.

ஐந்து நிமிடம் கழித்து இளவேனில், "சிஸ்டர், இப்ப கொஞ்சம் தேவல," என்றாள். மடக்கிய காலை நீட்டினாள்.

பிரிசில்லா முன் இருக்கையைத் தட்டினாள். "சார், சர்வீஸ் ரோட்ல எறக்குங்க. சீக்கிரம்."

"வலி கம்மின்னுதானே சொல்றா?"

"அதனாலதான் சொல்றேன். உள்ள வெடிச்சாலும் கொஞ்ச நேரம் வலி நிக்கும். போங்க சார்!"

சந்திரன் எதிர்த்திசையில் வந்த ஒரு ஆட்டோவை ஒதுக்கிவிட்டுச் சர்வீஸ் ரோட்டில் இறங்கினார். ஆட்டோக்காரன் கன்னடத்தில் அவருடைய குலத்தையே விசாரித்தான். பிரிசில்லா பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்து நாடியை எண்ணினாள். நூற்று முப்பது. யாரிடமும் சொல்லவில்லை. சொல்லி ஆவது எதுவுமில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு மணி நேரத்துக்குள் அறுவைக்கு எடுத்துக்கொண்டார்கள். வெளியே வந்த சர்ஜன், குடல்வால் நுனியில் ஓட்டை விழுந்து சீழ் கசிய ஆரம்பித்திருந்தது, கழுவிச் சுத்தம் செய்துவிட்டோம், ஐந்து நாள் இருக்க வேண்டும் என்றார். பெண் பிழைத்துவிட்டாள்.

ராதா வராந்தாவிலேயே பிரிசில்லாவைத் திட்டினாள். பத்து நிமிடம். பிரிசில்லா நின்று கேட்டுக்கொண்டாள். திட்டு அத்தனையும் நியாயமாக இருந்தது.

"நீங்க ஒரு தடவ உண்மைய எழுதியிருந்தா நேத்து அவ சரியா சாப்பிடாதப்பவே நான் கவனிச்சிருப்பேனே!"

"ஆமாம்மா."

"பொண்ணு எத்தன மணிக்குத் தூங்கறான்னாவது ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?"

"ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் எரிஞ்சது உங்க வீட்டு லைட்டும்மா," என்றாள் பிரிசில்லா.

ராதாவின் குரல் இறங்கியது. "கதவத் தெறந்து பாப்பேன். படிச்சிட்டிருப்பா. நல்ல பொண்ணுன்னு சந்தோஷமா போய்ப் படுத்துப்பேன்." நாற்காலியில் உட்கார்ந்து கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

சந்திரன் இன்னும் போகவில்லை. காபி இயந்திரத்தின் பக்கத்தில் நின்றிருந்தார்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே சிஸ்டர்."

"சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க? பேரக் கேட்டு, கிளாஸ்ல எழுப்பி நிக்க வெச்சிருப்பீங்க."

"நான் குடுக்கறது ரெண்டு மணி நேர வேலைதான். அதுகூடப் பண்ணலன்னா போர்டு எக்ஸாம் எப்படி?"

"நீங்க ரெண்டு மணி நேரம். சயின்ஸ் மிஸ் ரெக்கார்டு ஒரு மணி. வீணா மிஸ் கன்னடத்துல கேள்வி பதில் மூணு தடவ எழுதச் சொல்றாங்க. சோஷியல்ல மேப். பிள்ளைங்க கட்டில்ல உக்காந்து புலம்பறத நான் கூட்டிப் பாத்துட்டேன் சார். நீங்க கணக்கு வாத்தியார், நீங்க கூட்டவே இல்லையே."

சந்திரன் கையிலிருந்த காபியைக் குடிக்காமல் குப்பைத்தொட்டியில் போட்டார்.

மறுநாள் காலை எட்டரைக்கு மெமோ வந்தது. பிரிசில்லா நின்றபடியே ஆறு வரியில் பதில் எழுதினாள். எழுதியது பொய், எழுதியவள் நான், அதனால் ஒரு பெண்ணின் வலியை யாரும் நம்பவில்லை, இனி செய்ய மாட்டேன். அதோடு ஒரு தாள் இணைத்தாள். நோயறைக்குத் தூங்க வந்த பத்தொன்பது பேரின் பெயர், வந்த நாள். ஜெயலட்சுமி படித்துவிட்டு, "இன்னொரு தடவ நடந்தா வேலைல இருக்க மாட்டீங்க," என்றார். தாளைத் திருப்பிக் கொடுக்கவில்லை. மடித்து எடுத்துக்கொண்டு ஆசிரியர் அறைக்குப் போனார்.

ஒன்பதரைக்குப் பத்தாம் வகுப்பின் பின்பக்கக் கரும்பலகையில் சந்திரன் ஒரு கட்டம் போட்டார். இன்றைய வீட்டுப்பாடம், பாடவாரியாக, எத்தனை நிமிடம். மொத்தம் நூற்றிருபதைத் தாண்டக்கூடாது. அரையாண்டுத் தேர்வு வரை பார்க்கலாம், அதற்கு மேல் உத்தரவாதம் இல்லை என்று ஜெயலட்சுமி சொல்லியிருந்தார். கணக்கு அறுபது என்று எழுதினார் சந்திரன். சயின்ஸ் நாற்பது. சோஷியல் இருபது. அடுத்த பீரியடுக்கு வந்த வீணா மிஸ் பலகையைப் பார்த்தார்.

"ஏன் சார் இது? என் கன்னடம் எங்க போகும், மாடிப்படிக்குக் கீழயா?"

சந்திரன் அறுபதை அழித்து நாற்பது ஆக்கினார். பிள்ளைகளில் யாரோ கை தட்டினார்கள். "சும்மா இருங்கடா," என்றார் அவர்.

பிரிசில்லா அதைப் பார்க்கப் போகவில்லை. அந்த நேரத்தில் அவள் ராதாவுக்குப் போன் செய்துகொண்டிருந்தாள்.

"ஜொரம் இருக்கா?"

"எறங்கிடுச்சு சிஸ்டர்."

"வாயு பிரிஞ்சுதா?"

"காலைல ஆறு மணிக்கு. வெக்கப்பட்டுக்கிட்டே சொன்னா."

"வெக்கமாம். குடல் வேல செய்ய ஆரம்பிச்சிடுச்சுன்னு அர்த்தம். டாக்டர கேட்டுட்டு ரெண்டு ஸ்பூன் தண்ணி குடுங்க. நோட்டு எதையும் கண்ல காட்டாதீங்க," என்று சொல்லிவிட்டு, போனை வைத்தாள்.