எந்தப் பத்து மணி?

மனிதன் முதலில் நிழலை அளந்தான், பிறகு தண்ணீரைச் சொட்டவிட்டு நாழிகை பார்த்தான், கடைசியில் மணிக்கூடு செய்தான் என்று வகுப்பில் படிப்பித்தவள் நான். எங்கள் மல்லாவியில் பத்து மணி என்றால் வவுனியாவில் பத்தரை என்று எந்தப் பாடப்புத்தகமும் சொல்லவில்லை. அரசாங்கம் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியது, பிறகு மனம் மாறி அதில் பாதியைக் குறைத்தது. புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வன்னிக்குள் நாங்கள் மணிக்கூட்டைத் தொடவேயில்லை. எங்களுடையது பழைய நேரம், இராணுவத்தின் கையிலிருந்த வவுனியாவில் புது நேரம். எரிச்சல் பற்றிக்கொண்டு வரும்.

வெளிநாடு போன தம்பியோடு அம்மா கதைத்து வருடக்கணக்காகியிருந்தது. எங்களிடம் தொலைபேசி இல்லை. சாமான் வாங்க வவுனியா போய்வரும் பக்கத்து வீட்டுக்காரர்தான் செய்தி கொண்டுவந்தார். புதன்கிழமை பத்து மணிக்கு அங்கேயுள்ள தொலைபேசிக் கடைக்குத் தம்பி அழைப்பு எடுப்பானாம். எந்தப் பத்து என்று இந்த மனிதர் கேட்கவில்லை. தம்பி நேரம் மாறுவதற்கு முன்பே போனவன், எங்கள் பத்தைத்தான் சொல்லியிருப்பான் என்று நினைத்தேன். அலைந்து திரிந்து, வவுனியாவுக்குள் போய்வர ஒரு நாள் பாஸ் எடுத்து, அவரோடு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன்.

எங்கள் பத்துக்குக் கடைக்குள் நுழைந்தோம். கடைக்காரர் சுவர் மணிக்கூட்டைக் காட்டினார். பத்தரை.

“பத்துக்கு எடுத்தவர். நீங்கள் இன்னும் வரேல்லை எண்டனான். பன்னிரண்டுக்குத் திரும்ப எடுக்கிறாராம்.”

“எந்தப் பன்னிரண்டு?”

“அதை நான் கேக்கேல்லையே, பிள்ளை.”

பட்டது போதும், இனி புது நேரம்தான் என்று சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு அடித்தது. தொலைபேசி ஒலிக்கவில்லை. வன்னி எல்லையில் பாஸ் பார்க்கும் தடைமுகாமுக்குப் போகும் கடைசி பஸ் வெளியே ஹோர்ன் அடித்தது. அதை விட்டால் பாஸ் முடிந்துவிடும். “இன்னும் கொஞ்சம் இருப்பம்” என்ற அம்மாவைக் கையைப் பிடித்து ஏற்றினேன். பக்கத்து வீட்டுக்காரருக்கு அடுத்த நாள்வரை பாஸ் இருந்ததால் அவர் கடையிலேயே நின்றுகொண்டார்.

மறுநாள் பின்னேரம் அவர் வந்து சொன்னார். நாங்கள் பழைய நேரத்துக்குத்தான் வருவோம் என்று கணக்குப் போட்டுத் தம்பி எங்கள் பன்னிரண்டுக்கு எடுத்திருக்கிறான். நாங்கள் அவனுடைய நேரத்துக்கு மாற, அவன் எங்களுடைய நேரத்துக்கு மாறியிருக்கிறான். யாரைத் திட்டுவது? கையில் கட்டியிருந்ததைக் கழற்றிக் கிணற்றில் போடலாம் போலிருந்தது.

அம்மா அவரைக் கதிரையில் இருத்தித் தேத்தண்ணி கொடுத்தார். தம்பி போகும்போது அவனுக்குக் குரல் உடைந்துகொண்டிருந்த வயது.

“நீங்கள் அவனோட கதைச்சனீங்கள்தானே. குரல் இப்ப எப்பிடி?”

“தடிச்ச குரல், அக்கா. ‘அம்மா நிக்கிறாவோ’ எண்டுதான் முதல்ல கேட்டவர்.”

“அவன் கேட்ட மாதிரியே ஒருக்காச் சொல்லிக் காட்டுங்கோ.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கோப்பையைக் கீழே வைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“அம்மா நிக்கிறாவோ?”

“நிக்கிறன், ராசா” என்றார் அம்மா.